பகவதி வீட்டு ஏசி

சைனிக்புரியில எங்க அபார்ட்மென்ட்டுக்கு மூணே மாடி. மேல் மாடியில எதிரும் புதிருமா ரெண்டே வீடு. ஒண்ணு என்னுது, இன்னொண்ணு பகவதியோடது. நான் ஸ்டெல்லா. எங்க தாத்தா காலத்துல மதராஸ் பக்கமிருந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்த குடும்பம். பிறந்தது, படிச்சது, சண்டை போட்டது எல்லாமே சிகந்தராபாத்லதான். அதனால என் தமிழ்ல நடுநடுவுல வேண்டாம்ங்கிற நக்கோவும் ஆமாங்கிற ஹவ்வும் வந்து விழும், பொறுத்துக்கணும். ரயில்வே புக்கிங் கவுன்டர்ல உட்கார்ந்து ரிடையர் ஆனவ நான். அந்தக் கம்பிக்குப் பின்னாடி உட்கார்ந்தவளுக்கு மனுஷங்களைப் பார்த்து ஆச்சரியம் வர்றது ரொம்பக் கஷ்டம். வரிசையில பூர்றவன், செத்துப்போன மாமாவைத் திரும்பத் திரும்பச் சாகடிச்சு டிக்கெட் கேக்குறவன், எல்லாரையும் பார்த்தாச்சு. அப்படிப்பட்ட நான் ஒருத்தியைப் பார்த்து வாயடைச்சுப் போயிருக்கேன்னா, அது இந்தப் பகவதிதான்.

பகவதிக்கு ஊர் ஆலங்குளம் பக்கம். இவ்வளவு வருஷம் ஹைதராபாத் தண்ணியைக் குடிச்சும் அவ பேச்சுல அந்த ஊரு அப்படியே இருக்கு. ஆள் என் தோள் உயரம்கூட இல்லை. எண்ணெய் வச்சு இறுக்கி வாரின தலை, இடுப்புல செருகின முந்தானை, கால்ல சக்கரம். அவ வீட்டுக்காரர் ராமச்சந்திரன் ராணுவத்துல சுபேதாரா இருந்தவர். நெடுநெடுன்னு ஆறடி. ரிடையர் ஆனதும் காஞ்சன்பாக் பக்கம் ஒரு ஃபாக்டரில செக்யூரிட்டி வேலைக்குப் போய்க்கிட்டிருந்தார். ஒரு நாள் மொட்டை மாடி டேங்க்குல தண்ணி இருக்கான்னு பார்க்க ஏணியில ஏறினார். ஏணி வழுக்கி மல்லாக்க விழுந்தார். கழுத்து எலும்பு போச்சு. அன்னைக்கோட கழுத்துக்குக் கீழ இருந்த அத்தனையும் போச்சு. கை அசையாது, கால் அசையாது, ஒண்ணுக்கு வந்தாத் தெரியாது. தலை மட்டும் பழைய சுபேதார்.

ஆஸ்பத்திரியில டாக்டர் பகவதியைக் கூப்பிட்டு நிறைய விஷயம் சொன்னாராம். அதுல ஒண்ணு, இனிமே இவருக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காதும்மா, ஜாக்கிரதைன்னு. இவ என்னடான்னா மனசுக்குள்ள சந்தோஷப்பட்டிருக்கா. ஹைதராபாத் வெயில்ல வேர்க்காம ஒரு மனுஷன் இருந்தா அது வரம்தானே, வேர்க்குரு இல்லை, பனியன் நனையாதுன்னு நினைச்சிருக்கா. அவளே சொல்லிச் சிரிப்பா. நானாயிருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன்.

அந்த வருஷம் ஏப்ரல்லதான் வேர்வைன்னா என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது. மத்தியானம் ஃபேன் ஓடிக்கிட்டே இருக்கு, சுபேதார் பேச்சு குழறுது, கண்ணு செருகுது. தெர்மாமீட்டர் வச்சா நூத்தி நாலு. ஜுரம்னு நினைச்சு ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனா, ஜுரம் இல்லையாம். ரூம்ல இருந்த சூடு அவர் உடம்புக்குள்ள போயிருக்கு, வெளிய வர வழியில்லை. நமக்கெல்லாம் வேர்த்து, அது காஞ்சு, உடம்பு தன்னைத்தானே ஆத்திக்குது. அவருக்கு அந்தக் கதவு சாத்தியாச்சு. வெளியில எவ்வளவு சூடோ, கொஞ்ச நேரத்துல உள்ளேயும் அவ்வளவுதான். நான் இத்தனை வயசுல வேர்வையைத் துடைச்சிருக்கேன், திட்டியிருக்கேன், பவுடர் போட்டு மறைச்சிருக்கேன். அது இல்லேன்னா ஆள் காலின்னு அன்னைக்குத்தான் எனக்கும் தெரிஞ்சது. மாதாவே, என்ன ஏற்பாடுன்னு மலைச்சுப் போனேன்.

அன்னையிலிருந்து பகவதி சூரியனோட மல்லுக்கு நிக்க ஆரம்பிச்சா. ஊர்ல எல்லாரும் ஏசியை சுகத்துக்குப் போடுவோம். அந்த வீட்ல அது மூச்சு மாதிரி. கூடவே ஜன்னலுக்கெல்லாம் வெட்டிவேர் தட்டி, அதுக்குத் தண்ணி. பால்கனிக் கதவுக்குக் கனத்த திரை, சூரியன் அந்தப் பக்கம் திரும்பறதுக்கு முன்னாடியே இழுத்து விட்டாகணும். சலூன்காரன் தலையில பீச்சுற பாட்டில் இருக்கே, அது கட்டிலுக்குப் பக்கத்துல. கரன்ட் போனா இன்வர்ட்டர்ல ஃபேன், நனைச்ச டவல் அக்குள்ல, கழுத்துல, தொடை இடுக்குல. டவல் சூடாகும், மாத்துவா. மறுபடி சூடாகும், மறுபடி மாத்துவா. தெர்மாமீட்டர் வச்சிருக்கா, ஆனா அதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும். அவர் பேசுற பேச்சுல ஒரு சொல் இழுபட்டாப் போதும், சமையல்கட்டுல இருந்தே பாட்டிலோட ஓடி வருவா.

ஒரு தடவை எங்க கல்லில, அதாவது சந்துல, ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு மத்தியானம் பூரா கரன்ட் இல்லை. இன்வர்ட்டரும் தீர்ந்துபோச்சு. நான் விசிறிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், திடீர்னு மாடிப்படியில தொம்தொம்னு சத்தம். எட்டிப் பார்த்தா, தெருமுனை கரும்புச்சாறு வண்டிக்காரனும் பகவதியும் ஒரு ஐஸ் பாளத்தைச் சாக்குல சுத்தி தூக்கிட்டு வர்றாங்க. வண்டிக்காரன் பாவம், தன் அன்னைக்கு நாள் வியாபாரத்தையே குடுத்துட்டான். இவ என்ன சொன்னாளோ தெரியலை, தெலுங்கும் சரியா வராது அவளுக்கு. பாளத்தை அலுமினிய அண்டாவுல வச்சு, அதுக்குப் பின்னாடி உட்கார்ந்து முறத்தால விசிறினா பாருங்க, சாயங்காலம் கரன்ட் வர்ற வரைக்கும் கை நிக்கலை. நான் மாத்தி விசிறுறேன்னு போனேன். உங்களுக்குப் பழக்கமில்ல, வேகம் போதாது யக்கான்னுட்டா.

அந்த வீட்ல இன்னொரு ஆச்சரியம், ஒரு நாளும் ஒரு வாடை வந்ததில்லை. படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்கிற வீடுன்னு சொன்னாத்தான் தெரியும். சுபேதாருக்கு எப்பவும் ஷேவ் பண்ணின முகம், சலவைச் சட்டை, கோடு விழாத விரிப்பு. யார் பெல் அடிச்சாலும் ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் கதவு திறக்கும். அதுக்குள்ள வீட்டை ஒரு ஒழுங்கு பண்ணியிருப்பா. எதிர் வீட்டுக்காரி எனக்கே அந்தக் கதைதான். நானும் கிண்டல் பண்ணுவேன், என்னம்மா, கவர்னரா வந்திருக்கேன்னு. அவ சிரிச்சுட்டு, வெளியாளு பாக்குத மாதிரியா வீட்டப் போட்டு வைக்க முடியும்ம்பா. சுபேதார் கட்டில்லேருந்தே, ஸ்டெல்லாம்மா, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது, உள்ள வரலாம்னு குரல் குடுப்பார்.

இப்படியே பத்துப் பன்னெண்டு கோடை ஓடிப்போச்சு. இந்த வருஷம் மே மாசம்தான் வினை வந்தது.

ஏசி ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு மத்தியானத்துல காத்து வரும், குளிர் வராது. பெட்டி ஓடுது, விளக்கு எரியுது, இறக்கை ஆடுது, ஆனா வர்றது வெறும் ஃபேன் காத்து. ரூம் மெல்ல மெல்லக் காயும். பகவதி பாட்டிலும் டவலுமா ஓடுவா. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா மறுபடி குளுகுளுன்னு ஆயிடும். ஒரு நாள் நிக்கும், அடுத்த நாள் நிக்காது. மூணு நாள் ஒழுங்கா இருக்கும், நாலாவது நாள் ரெண்டு தடவை நிக்கும். முழுசா செத்துத் தொலைஞ்சா மாத்தலாம், ஒழுங்கா ஓடினா நம்பலாம். இது ரெண்டும் இல்லை.

கம்பெனிக்குச் சொன்னோம். ஆள் வந்தான். அவன் வந்தா ஏசி சமர்த்தா ஓடும். பல் டாக்டர் வாசலுக்குப் போனதும் பல்வலி நின்னுடுமே, அந்தக் கதை. கேஸ் பார்த்தான், சரியா இருக்குன்னான். ஃபில்டரைக் கழுவினான், அது ஏற்கனவே சுத்தம், பகவதி வீட்டு ஃபில்டர்ல தூசி இருக்குமா. கெப்பாசிட்டர்னு ஒண்ணை மாத்தினான். அடுத்த மத்தியானம் மறுபடி நின்னுச்சு. இன்னொருத்தன் வந்து வோல்டேஜ்தான் பிரச்சினை, ஸ்டெபிலைசர் மாத்துங்கன்னான். மாத்தினோம். நின்னுச்சு. பக்கத்துல நெரேட்மெட்லேருந்து சந்தீப்னு ஒரு பையன், எங்க பில்டிங்ல எல்லாருக்கும் அவன்தான் மெக்கானிக், அவன் வந்து சென்சார் மாத்தினான். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்தான், ஜம்முனு ஓடுச்சு. அவன் போன மறுநாள் நின்னுச்சு. பகவதி ஏசி மேல திருநீறு பூசினா. நான் வேளாங்கண்ணித் தண்ணி கொண்டு போய்த் தெளிச்சேன். ரெண்டு சாமியும் கைவிட்டாச்சு.

அவங்களுக்கு ஒரே மகன், தினேஷ். ஊரோட அந்தக் கோடியில, கச்சிபௌலியில ஐடி வேலை, பதினஞ்சு மாடியோ இருபது மாடியோ ஒரு கட்டடத்துல வீடு. நல்ல பையன். அம்மாகிட்ட பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ்ல பேசுவான், கோவம் வந்தா முழுசா தெலுங்கு. இந்த மெஷினே வேணாம்னு புது ஏசி வாங்கி அதே இடத்துல மாட்டினான். அப்பாடான்னு மூச்சு விட்டோம். மூணு நாள் போச்சு. நாலாம் நாள் மத்தியானம் பகவதி என் கதவைத் தட்டினா.

"யக்கா, புதுசும் காத்துதான் விடுது. குளுரு வரல."

மெஷின் மாறியாச்சு, ஸ்டெபிலைசர் மாறியாச்சு, வியாதி மட்டும் மாறலை. அந்த ரூமுக்கே ஏதோ பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். அன்னைக்குச் சுபேதாருக்கு நூத்தி மூணு ஏறிடுச்சு. பேச்சு நின்னுபோச்சு. உதடு அசையுது, சத்தம் வரலை. நானும் அவளுமா ஃப்ரிட்ஜ்ல இருந்த ஐஸ் எல்லாத்தையும் கொட்டி, டவலை மாத்தி மாத்தி வச்சோம். தினேஷுக்கு போன் போட்டோம். கச்சிபௌலியிலிருந்து அந்த ட்ராஃபிக்ல வண்டியை ஓட்டிக்கிட்டு அவன் வந்து சேர்றதுக்குள்ள ஏசி திரும்பி வந்துடுச்சு, அப்பா கண்ணு திறந்து தண்ணி கேட்டுட்டார். அவன் உள்ள வந்து பார்த்தான். வெளிய வந்து மாடிப்படியில உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டுத் தெளிவாச் சொன்னான். அவங்க ஏரியா பக்கத்துல ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. பில்டிங் முழுக்க ஏசி, ஜெனரேட்டர், ராத்திரி பகல் நர்ஸ். அப்பாவை அங்க சேர்த்துடலாம். நீ என் வீட்ல இரு, பார்வை நேரத்துல தினம் போய்ப் பார்த்துக்கலாம். இல்லேன்னா ஒரு நாள் நான் ட்ராஃபிக்ல நிக்கும்போதே அப்பா போயிடுவார்ம்மான்னான். வர்ற ஞாயித்துக்கிழமை வெயில் தாழ இல்லத்து வண்டி வரும்னு ஏற்பாடு பண்ணிட்டான். சுபேதார்கிட்ட கேட்டதுக்கு, நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க, நான் சுமை, சுமைகிட்ட யாரும் யோசனை கேக்கமாட்டாங்கன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்கிட்டார்.

பகவதி மட்டும் விடலை. சந்தீப்புக்கு போன் போட்டு, எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில என்னையே பேசச் சொன்னா. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லுங்கக்கா, அது என்னன்னு தெரிஞ்சாப் போதும், சரியாயிட்டா இவிய இங்கனயே இருக்கலாம்ல்லான்னா. எல்லா இடத்துலயும் மே மாசம், அவனுக்கு மூச்சு விட நேரமில்லை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரேன், கிளம்பும்போது போன் பண்றேன்னான்.

அந்த ஞாயித்துக்கிழமை காலையிலேயே தினேஷ் வந்துட்டான். அப்பாவோட மருந்து, ரிப்போர்ட், துணி எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டிருந்தான். பகவதி விடியற்காலத்துலேருந்து துவைக்கிறா. அவர் போற இடத்துக்கு அழுக்குத் துணி போகக்கூடாதாம், இருக்கிற அத்தனை விரிப்பையும் ரப்பர் ஷீட்டையும் போர்வையையும் ஊற வச்சு அலசி. நான் மாங்கா சாதம் கிளறி எடுத்துட்டுப் போனேன். யாருக்கும் இறங்கலை. உச்சி வெயில்ல ஏசி போச்சு.

காத்து வந்தது, குளிர் வரலை. தினேஷ் மூஞ்சியில ரத்தமே இல்லை. பார்த்தீங்களா ஆன்ட்டி, பார்த்தீங்களான்னு என்னைப் பார்த்தே சொல்றான். பகவதி டவலை நனைச்சு எடுத்தா. அந்த நேரம் பெல் அடிச்சது. வண்டிதான் சீக்கிரம் வந்துடுச்சோன்னு நான் போய்க் கதவைத் திறந்தேன். சந்தீப் நிக்கிறான். பக்கத்து கல்லில ஒரு வேலை கேன்சல் ஆயிடுச்சாம், போன்ல சார்ஜ் இல்லையாம், அதனால சொல்லாம வந்துட்டேன் ஆன்ட்டின்னான். சொல்லாம வந்ததுக்காக ஒருத்தனைக் கட்டிப்பிடிச்சுக்கணும்னு எனக்குத் தோணினது அதுதான் முதல் தடவை. இப்பதான் நின்னுது, ஓடு ஓடுன்னு அவனை உள்ள தள்ளினேன்.

அவன் நேரா ரூமுக்குள்ள போனான். மேல பெட்டிகிட்ட கையைக் காட்டிப் பார்த்துட்டு, வெளியில இருக்கிற அவுட்டோர் பெட்டியைப் பார்க்கணும்னு பால்கனித் திரைகிட்ட போனான். பகவதி பதறிட்டா. இரு தம்பி, ஒரு நிமிசம் இருன்னு டவலைப் போட்டுட்டு அவனுக்கு முன்னாடி பாய்ஞ்சு திரைக்கு உள்ளே நுழைஞ்சா. அவன் விடலை, அவளுக்குப் பின்னாடியே போனான். நானும் போனேன்.

பால்கனி பூரா துணி. அவுட்டோர் பெட்டியோட ஃபேன் காத்து வெளிய தள்ளும் பாருங்க, அந்த மூஞ்சிக்கு ஒரு முழம் முன்னாடி கயிறு கட்டி, அதுல ரப்பர் ஷீட்டு, விரிப்பு, போர்வைன்னு ஒண்ணு மேல ஒண்ணா ஈரத்தோட தொங்குது. ஃபேன் ஊதுற அனல் துணியில மோதித் திரும்பி அந்தப் பெட்டிக்குள்ளேயே போகுது. அந்தச் சின்ன இடத்துல நின்னா சூளைக்குள்ள நிக்கிற மாதிரி இருந்தது. பகவதி ரெண்டு கையாலயும் விரிப்பை உருவறா, மார்போட அணைச்சு மறைக்கிறா. முகம் செவந்துபோச்சு. சந்தீப் ஹிந்தியில, எடுக்காதீங்கம்மா, அப்படியே இருக்கட்டும்னு சொல்லி, பெட்டி மேல கையை வச்சான், சுட்டு எடுத்தான். தினமும் இங்கேதான் காயப்போடுவீங்களான்னு கேட்டான். நான் தமிழ்ல கேட்டேன். அவ தலையை ஆட்டினா.

அப்புறம்தான் எல்லாம் வந்தது. இத்தனை வருஷமா அந்த விரிப்புகளை மொட்டை மாடியில ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பார்த்துக் காயப்போட்டுக்கிட்டிருந்திருக்கா. இந்த வருஷம் முட்டி வலி, படியேற முடியலை. பால்கனியில கயிறு கட்டிப் பார்த்தா. அவுட்டோர் சூட்டுல அரை மணி நேரத்துல மொடமொடன்னு காஞ்சுடுது, அவரை விட்டுட்டு மேல போகவும் வேண்டாம். அவளுக்கு ஒரே சந்தோஷம். யாராவது வர்றதா போன் வந்தா, பெல் அடிச்சா, முதல் வேலையா அதையெல்லாம் உருவி பாத்ரூம்ல போட்டு மூடிடுவா. சுபேதார் நனைச்ச விரிப்பை ஒரு வெளியாள் பார்க்கக்கூடாது. மெக்கானிக் ஒவ்வொருத்தனும் போன் பண்ணிட்டு வந்தான். ஒவ்வொருத்தனுக்கும் அவ பால்கனியைக் கழுவித் துடைச்சுக் காட்டினா. ஏசி ஏன் ஓடாது.

சந்தீப் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கம்ப்ரஸர் சூடு தாங்காம தன்னைத்தானே நிறுத்திக்குது, ஆறினதும் தானா ஓடுது, வேற ஒரு வியாதியும் இல்லைன்னான். துணி எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரு பக்கெட் தண்ணி பெட்டிக்குப் பின்பக்கம் மெல்ல ஊத்தினான். கொஞ்ச நேரம் எல்லாரும் அங்கேயே நின்னோம். உறுமிக்கிட்டு கம்ப்ரஸர் எடுத்தது. உள்ளேயிருந்து சுபேதார், குளுரு வந்துட்டுன்னு குரல் குடுத்தார்.

பன்னெண்டு வருஷம் அந்த வீட்ல வந்து போறேன். ஒரு நனைஞ்ச விரிப்பை என் கண்ணுல காட்டலை அவ. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மாத்தியிருப்பா, எத்தனை துவைச்சிருப்பா. அந்த மனுஷனோட கம்பீரம் ஒரு துளி குறையாம இருக்கணும்னு, எதிர் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாம. யேசுவே, நான் கோயில்ல முழங்கால் போட்டுப் பார்க்கிற சுரூபங்க முன்னாடிகூட எனக்கு இப்படிக் கண்ணு கலங்கினதில்லை.

ஆனா பகவதி சந்தோஷப்படலை. பால்கனித் தரையில அந்த ஈர விரிப்பை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. தினேஷுக்கு நல்லபடியா முடிஞ்சுதேன்னு உயிர் வந்து, அம்மா, இட்ஸ் ஓகே, கண்டுபிடிச்சாச்சுல்லன்னு குனிஞ்சான். அவ அவனை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.

"அப்பாவக் கூட்டிட்டுப் போயிரு தினேசு," அப்படின்னா. "என்னைய நம்பாத. நாந்தான் இவியள வச்சு அவிச்சிருக்கேன். சூடு ஆவ ஆவ நனைச்சு மாத்தித் துவைச்சேன், துவைக்கத் துவைக்க அங்கனயே போட்டேன். அன்னைக்கு நூத்தி மூணு ஏறுச்சே, அது நாந்தான். இன்னொரு நா வேற என்னத்தையாவது செய்வேன், எனக்கே தெரியாது."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நக்கோம்மா, யாருக்குத் தெரியும் துணி காயப்போட்டா ஏசி நிக்கும்னு, எனக்குத் தெரியுமா, ரெண்டு கம்பெனி ஆளுக்குத் தெரிஞ்சுதான்னு. அவ காதுல ஏறலை. எழுந்து உள்ள வந்து, தினேஷ் எடுத்து வச்ச பைக்குள்ள அவர் சட்டையை அவளே மடிச்சு வைக்க ஆரம்பிச்சா. இல்லத்து வண்டிக்காரன் கிளம்பிட்டேன்னு தினேஷுக்கு போன் பண்ணினான். தினேஷ் அம்மாவைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். அவனுக்கும் இப்ப என்ன செய்யறதுன்னு தெரியலை. அம்மாவே சொல்றாங்க, அந்த இல்லத்துல எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு முணுமுணுத்தான்.

அப்பதான் கட்டில்லேருந்து சுபேதார் பேசினார். எத்தனையோ நாள் கழிச்சு அந்தப் பழைய பரேட் குரல்.

"ஏல தினேசு, இங்க வா. என் மூஞ்சியப் பாரு. நீ சொல்லுத எடத்துல ஏசி நிக்காது, ஒத்துக்கிடுதேன். ஒரு நா நின்னுச்சுன்னு வையி. பயப்படுததுக்கு அங்க யாருல இருக்கா?"

தினேஷ் கட்டில் பக்கத்துல வந்து நின்னான்.

"இவ பயந்தா, நான் பொழச்சேன். பன்னெண்டு வருசமும் அப்படித்தான் பொழச்சேன். துணியக் காயப்போட்ட எடம் தப்பு. அதுக்கு எடத்த மாத்து. ஆள மாத்தாத."

பகவதி சட்டையை மடிச்ச கையோட அப்படியே நின்னுட்டா. மூச்சை இழுத்து இழுத்து அழறா, சத்தமே இல்லை. சந்தீப்புக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது, அவனும் டூல் பையைத் தோள்ல மாட்டின மாதிரியே கண்ணைத் துடைச்சுக்கிறான். தினேஷ் போனை எடுத்து, வண்டிக்காரன்கிட்ட தெலுங்குல, வேண்டாம், திரும்பிப் போயிடுங்கன்னு சொன்னான்.

சொல்லிட்டு பால்கனிக்குப் போனான். அந்த ஈர விரிப்பையும் ரப்பர் ஷீட்டையும் போர்வையையும் மொத்தமா அள்ளித் தோள்ல போட்டுக்கிட்டு வாசல் பக்கம் நடந்தான். பகவதி ஓடி வந்து அதைப் பிடுங்கப் பார்த்தா. மேல ஆளுக இருப்பாவ, ஞாயித்துக்கிழமை, பாத்துருவாவன்னா.

"பார்க்கட்டும்மா," அப்படின்னான் தினேஷ். "எங்கப்பா விரிப்பு. நான் காயப்போடறேன்."

தண்ணி சொட்டச் சொட்ட அவன் மொட்டை மாடிக்குப் படியேறினான். நான் என் வீட்டுக்குள்ள போய், துணிக்கு மாட்டுற கிளிப் டப்பாவை எடுத்துக்கிட்டு அவன் பின்னாடியே ஏறினேன்.